கன்றுக்கு ஏழு நாள்

இருநூற்றெண்பது மாட்டின் மடியும் நரெலுக்கு அத்துப்படி. எதற்குப் பின்காம்பு தடித்திருக்கும், எது வலப்பக்கம் கை வைத்தால் உதைக்கும், எதற்குப் போன வருஷம் மடிநோய் வந்து ஒரு காம்பு செத்துப்போனது, எல்லாம், மாடுகள் மேலே நிற்க, கறவைக் குழிக்குள் நின்று பின்னாலிருந்து பார்த்தே சொல்லிவிடுவாள். மாட்டின் முகத்தைக் காட்டிக் கேட்டால் முழிப்பாள். உன் வயிற்றைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டிருந்தாலும் அப்படியேதான் முழித்திருப்பாள்.

மே மாசக் கடைசியில் மிச்சமிருந்த மாடுகளையும் பால் வற்றவிட்டார்கள். இனி ஜூலை நடுவில் கன்று போடத் தொடங்கும்வரை கறவை கிடையாது. வருஷத்தில் அவளுக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான். அதிலும் இரண்டு வாரம்தான் விடுப்பு. மீதி நாளெல்லாம் வேலி கட்டுவதிலும் கொட்டகை கழுவுவதிலும் போய்விடும். விடுப்பின் முதல் நாள் சாயங்காலம் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். ரப்பர் ஏப்ரனின் நாடா இறுக்கி இறுக்கி இடுப்பில் ஒரு தடம் விழுந்திருந்தது. அதற்குக் கீழே மகனை எடுத்த தையல். அவன் இப்போது பெர்த் பக்கம் சுரங்கத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. ஏப்ரன் கட்ட, கன்றை அணைத்துத் தூக்க, கால் கடுத்தால் குழியின் விளிம்பில் சாய்ந்துகொள்ள ஒரு இடம். வேறெதற்கும் அது ஆகவில்லை.

பத்தொன்பது வயதில் தொப்புளில் தோடு குத்திக்கொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறாள். கூட வேலை பார்த்த சிநேகிதி குத்திக்கொண்டாள். நரெல் போக இருந்த வாரத்தில் வாந்தி ஆரம்பித்துவிட்டது, மகன் வயிற்றில். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் காலை நாலு மணிக்கு எழுந்ததிலேயே போயிற்று. கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்த நினைப்பு வந்தது. மறுநாள் மழையோடு வண்டியை எடுத்துக்கொண்டு டிராரல்கன் டவுனுக்குப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

குத்துகிற பெண்ணின் பெயர் டானி. முப்பது வயதிருக்கும், இரண்டு கையிலும் தோள்வரைக்கும் பெரணி இலைகளாகப் பச்சை குத்தியிருந்தாள். நரெலை நிற்க வைத்தாள், உட்கார வைத்தாள், குனியச் சொன்னாள். உட்காரும்போது மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் புள்ளி வைத்தால் தோடு கோணிக்கொண்டு நிற்கும் என்றாள். பேனாவால் இரண்டு புள்ளி வைத்தாள், படுக்க வைத்துச் சுத்தம் பண்ணினாள், ஊசியை ஏற்றினாள். மாடு காலை மிதித்ததில் பாதி வலிகூட இல்லை. வளைந்த சின்னக் கம்பி, மேலே ஒரு குண்டுமணி, அடியில் நீலக்கல். குண்டுமணிதான் திருகு.

பிறகு டானி நிறையச் சொன்னாள். கிருமி நீக்கிய உப்புத் தண்ணீரைக் காலையிலும் சாயங்காலமும் அடிக்க வேண்டும். வேறெதையும் பூசக் கூடாது. கம்பியைத் திருகிப் பார்க்கக் கூடாது, பக்கைப் பிய்க்கக் கூடாது. இடுப்பை அழுத்துகிற எதையும் கட்டக் கூடாது. ஆறுவதற்குக் குறைந்தது ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம். எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு காகிதமும் கொடுத்தாள்.

நரெல் தலையாட்டினாள். ஆனால் ஆறு மாசம் என்பதை அவள் நம்பவில்லை. ஊசி போடுகிறவர்களும் மருந்து விற்கிறவர்களும் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். அவள் பார்க்காத தொப்புளா. கன்று விழுந்ததும் ஈரக்கொடி தொங்கும். அயோடினை அடித்துவிட்டால் இரண்டாம் நாள் சுருங்கும், நாலாம் நாள் கறுக்கும், ஏழாம் நாள் காய்ந்த சுள்ளியாக உதிர்ந்துவிடும். வருஷத்துக்கு இருநூற்றுச் சொச்சம் கன்று, இந்தப் பண்ணையில் மட்டும் பதினேழு வருஷம். தொப்புள் என்றால் ஏழு நாள். காகிதத்தை மடித்து வண்டியின் டாஷ்போர்டுக்குள் போட்டாள்.

அந்த இரண்டு வாரமும் எட்டு மணிவரை தூங்கினாள். உப்புத் தண்ணீர் அடித்தாள். ஏழாம் நாள் வலி இல்லை. பத்தாம் நாள் பக்கும் இல்லை. ஆறிவிட்டது என்று முடிவு கட்டி உப்புத் தண்ணீர் டப்பாவை அலமாரியில் பின்னால் தள்ளிவைத்தாள். வேலைக்குத் திரும்பி, மழையில் வேலிக்கம்பம் நடும்போது, மூன்று கம்பளி உடுப்புக்கு அடியில் ஒரு நீலக்கல் இருப்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை நினைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கம்பம் கூடுதலாக நட்டாள் என்று சொன்னால் பொய். கை அதே வலிதான் வலித்தது. இருந்தாலும் அது அங்கே இருந்தது.

ஜூலை நடுவில் கன்றுகள் விழத் தொடங்கின.

பண்ணை மெர்வுடையது. அறுபத்தாறு வயது, மனைவி போய் நாலு வருஷம். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், இந்தக் கன்று சீசன் முடியட்டும், ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருப்பவர். கறவையில் அவரும் நரெலும் மட்டும்தான். கறவைக்கு முன்னால் தினமும், ராத்திரி விழுந்த கன்றுகளைப் பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில், கன்று போடுகிற மாடுகளை விட்டிருக்கும் தோட்டத்துக்குள் நாலு சக்கர பைக்கும் போகாது, டிரெய்லரும் போகாது, அச்சுவரை சேறு. கன்றைத் தூக்கி வயிற்றோடு அணைத்து, கேட்டுக்கு வெளியே நிற்கிற டிரெய்லர்வரைக்கும் நடந்துதான் வர வேண்டும். முப்பது கிலோ, சளியும் ரத்தமும் பூசியது, உதைக்கும். பிறகு ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் குழி.

மூன்றாம் நாள் உள்ளுடுப்பு வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. உரித்துப் பார்த்தால் மஞ்சள். ஐந்தாம் நாள் சுற்றிலும் சிவந்து கொதித்தது. கன்றுக் கொட்டகையில் ஆணியில் அயோடின் புட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பதினோரு கன்றுக்கு அடித்திருந்தாள். அவள் யோசித்ததாகவே சொல்ல முடியாது. உடுப்பைத் தூக்கினாள், பன்னிரண்டாவதாகத் தனக்கும் அடித்துக்கொண்டாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. இவ்வளவு எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்த இரண்டு நாளும், காலை ஒன்று, மாலை ஒன்று, தவறாமல் அடித்தாள். தோல் பழுப்பாகி, வெடித்து, நீர் வடிந்தது.

ஒரு கன்றைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கேட்டருகே நின்ற மெர்வ் பார்த்துவிட்டார்.

"வயித்துலயா?"

"ஒண்ணுமில்ல."

"ஒரு வாரமா வயித்தைப் புடிச்சுட்டுத்தான் நடக்குற. ஹெர்னியாவா?"

நரெலுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தொப்புள் தோடு என்று இந்தச் சேற்றில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது. "ம்" என்றாள்.

அந்த ஒரு "ம்" போதுமாயிருந்தது. மெர்வுக்கு ஒரு தடவை வைக்கோல் கட்டு ஏற்றும்போது குடல் இறங்கி, இறுகி, ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கதையை முழுக்கச் சொன்னார். கன்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இனி இந்தப் பக்கம் வராதே, பொறுக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ குழியை மட்டும் பார் என்றார். கன்றோடு அவர் போகும்போது இடது கால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வெளியே விலகி விழுந்தது. நரெல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் டிராரல்கனுக்கு ஓட்டினாள். டானி விளக்கை இழுத்து வயிற்றுக்கு நேரே வைத்தாள். 

"என்ன போட்டீங்க?"

"அயோடின்."

"கடையில விக்கிற அயோடினா?"

"கன்னுக்குப் போடுறது. தொப்புளுக்குன்னுதான் புட்டியிலயே போட்டிருக்கு."

டானி கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை போல. "அதை எதுக்குப் போடுறீங்க கன்னுக்கு?"

"கொடி காயணும். காஞ்சு விழணும்."

"உங்களுக்கு எது காஞ்சு விழணும்?"

 நரெலுக்குப் பதினேழு வருஷம் செய்த வேலையை யாரோ தலைகீழாகப் பிடித்துக் காட்டின மாதிரி இருந்தது. கன்றுக்கு மூடுகிற காயம். இவளுக்குத் திறந்தே ஆற வேண்டிய காயம். இதற்குள் உள்ளிருந்து புதுத்தோல் வளர்ந்து ஓட்டையைச் சுற்றிச் சுவர் கட்ட வேண்டும் என்று டானி சொன்னாள். வெளியே பார்த்தால் பத்து நாளில் ஆறின மாதிரிதான் இருக்கும், உள்ளே பச்சை ரணம். அதன் மேல் என்னத்தை வைத்து அழுத்தினீர்கள் என்று கேட்டாள். நரெல் சொன்னாள்: ஏப்ரன், குழி விளிம்பு, நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கன்று.

கழற்றிவிடட்டுமா என்று நரெல் கேட்டாள். டானி கூடாது என்றாள். இப்போது கழற்றினால் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரமாகவே வயிற்றில் ஒரு கோடு சுற்றி வரைந்தாள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். உப்புத் தண்ணீர் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் படக் கூடாது. வாசல்வரை கூட வந்தாள்.

"நரெல், நேராச் சொல்லிடுறேன். இன்னும் அஞ்சு மாசம் இதுமேல எதுவும் அழுத்தக் கூடாது. அந்தக் கன்னு தூக்குறதை விட முடியாதுன்னா, புண்ணு அடங்கினதும் வாங்க, நானே கழட்டித் தரேன். ரெண்டும் ஒரே எடத்துல இருக்காது."

திரும்பி ஓட்டுகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்தாள். கன்று தூக்குவது இப்போதைக்கு விட்டுப்போயிருந்தது. மெர்வ் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் செப்டம்பர்வரை அவரே தூக்குவார். அதற்குள் கன்று சீசன் முடிந்துவிடும். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமான வேலை இல்லை.

ஒன்பது நாள் அப்படி ஓடியது. கோட்டுக்கு உள்ளே சிவப்பு சுருங்கிக்கொண்டு வந்தது. ஏப்ரனின் இடுப்பு நாடாவை அறுத்துவிட்டு, வைக்கோல் கட்டும் கயிற்றால் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டாள். இடுப்பில் படாமல் சாக்கு மாதிரி தொங்கியது. விளிம்பில் சாய்வதை விட்டாள். கறவை முடியும்போது முதுகு இரண்டாக முறிந்துவிடும் போலிருந்தது. மெர்வ் டாக்டர் தேதி என்னாச்சு என்று தினம் ஒரு தடவை கேட்டார். தினம் ஒரு தடவை அவள் ஏதோ சொன்னாள். அவர் குழிக்குள் இறங்கும் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கியிருந்தார்.

பத்தாம் நாள் விடியும்போது மழை விட்டிருந்தது. நரெல் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்தின் வேலியோரமாக வந்தாள். மெர்வ் கன்றோடு கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். கால் சேற்றில் புதைந்தது. பூட்ஸ் உள்ளேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார், கன்று மேலே. தாய்மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு அவரைப் பார்த்து வந்தது.

நரெல் வேலியைத் தாண்டிக் குதித்ததோ, மாட்டின் மூக்கில், மாடு ஓட்டக் கையில் வைத்திருந்த பாலித்தீன் பைப்பால் ஒரு போடு போட்டதோ அவளுக்கு அப்புறம் சரியாக நினைவில்லை. கன்றை அவர் மேலிருந்து இழுத்தாள். அணைத்தாள். டிரெய்லர்வரை கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து அவரைக் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாள். மெர்வ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடல் எறங்குனவ இப்படித் தூக்க மாட்டா."

அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.  "ஹெர்னியா இல்ல மெர்வ். தொப்புள்ல தோடு குத்தியிருக்கேன். சீழ் புடிச்சுடுச்சு. அழுத்தக் கூடாதுன்னாங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். ஒற்றைக் காலில் உறை நனைந்து தொங்கியது.

"தோடு."

"ஆமா."

"எங்கிட்ட இருக்குற மாட்டுக்கெல்லாம் காதுல நம்பர் வில்லை இருக்கு. உனக்கு மட்டும் இல்லையேன்னு நெனச்சியா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கி, கவிழ்த்து, தண்ணீரைக் கொட்டினார்.

"பதினேழு வருஷத்துல எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்ல நீ. மொதல் தடவை கேட்டது பொய் சொல்லிக் கேட்டிருக்க."

"உண்மையைச் சொல்லியிருந்தா?"

அவர் ஏமாற்றுகிற மனுஷன் இல்லை. "சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு, போய்க் கன்னைத் தூக்குன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"அதுக்கு என் இடுப்பு ஒடையணுமா?"

 பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் எழுந்து போனார். அன்றைய கறவையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், நாளையிலிருந்து கன்றுகளை நீயே பொறுக்கிக்கொள் என்று மட்டும் சொன்னார். அவள் சரி என்றாள். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்றைக்கு அவளுக்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. டானியிடம் போய்க் கழற்றிவிட்டு வரலாம். அதில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒரு சின்ன வடு மிஞ்சும். வயிறு பழையபடி கன்று அணைக்கிற இடமாக இருக்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, கழற்றுவதற்குப் போகத்தான் வண்டிச்சாவியை எடுத்தாள். வண்டியை எடுக்காமல் கறவைக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கே எந்திரம் கழுவுகிற அமிலம் வந்த நீல டிரம்கள் காலியாகக் கிடந்தன. ஒன்றைப் பல தடவை கழுவி, ரம்பத்தால் நெடுக்குவாக்கில் இரண்டாக அறுத்தாள். பாதி டிரம் தொட்டில் மாதிரி இருந்தது. முனையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினாள். கயிற்றை இடுப்பில் போடாமல் தோளில் போட்டு இழுத்துப் பார்த்தாள். சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

தூக்கிக்கொண்டு வந்தால் ஒரு கன்றுக்கு மூன்று நிமிஷம். டிரம்மில் உருட்டி ஏற்றி இழுத்து வந்தால் எட்டு. எட்டுக் கன்று கிடந்தால் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். கறவை நேரம் யாருக்காகவும் தள்ளிப்போகாது. பால் லாரி ஒன்பதுக்கு வந்துவிடும். நாலு மணிக்கு அடிக்கிற அலாரத்தை மூன்றேகாலுக்குத் திருகிவைத்தாள். தோளில் கயிறு அறுத்து ஒரு தடம் விழுந்தது. இடுப்புத் தடம் மங்கிக்கொண்டு வர, இது பதிந்துகொண்டு வந்தது.

மெர்வ் அந்த டிரம்மை முதல் நாள் கேட்டில் நின்று பார்த்தார். தோளில் கயிற்றோடு அவள் வருகிறதைப் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு காலை, தோட்டத்தின் அந்தக் கோடியில் இன்னொரு பாதி டிரம் கிடந்தது, கயிறு கட்டி. அவர் அதில் ஒரு கன்றைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார், காலை வெளியே வீசி வீசி. தன் இடுப்புக்காகத்தான் செய்துகொண்டார். அவளுக்காக என்று நரெல் எண்ணிக்கொள்ளவில்லை.

"வில்லை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார் அன்றைக்கு, மடியில் கறவைக் கப் மாட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்.

"ஆறுது."

செப்டம்பர் முதல் வாரத்தில் டானி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். சிவப்பு போய்விட்டது, கம்பி இருந்த இடத்திலேயே நிற்கிறது, கொஞ்சம் நீர் மட்டும் கசிகிறது என்றாள். டிசம்பர்வரை இதே மாதிரி போனால் தோடு நிலைத்துவிடும். நரெல் பாதிப் பேச்சில் படுக்கையிலேயே தூங்கிப்போனாள். டானி பத்து நிமிஷம் விட்டுவிட்டு எழுப்பினாள்.

வீட்டுக்கு வந்து, மாலைக் கறவை முடித்து, குளித்தாள். டிஷ்யூ காகிதத்தால் தொப்புளை ஒற்றி எடுத்தாள். உப்புத் தண்ணீர் அடித்தாள். அது தானாகக் காய வேண்டும், அதுவரை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் கால் கடுத்தது. சாய்ந்துகொள்ளச் சுவர் பின்னால் இருந்தது, முதுகைக் கொடுத்துச் சாய்ந்தாள். குனிந்து பார்த்தாள். நீலக்கல் ஈரமாக இருந்தது. பிறகு உடுப்பை இறக்கிவிட்டு, அலாரம் மூன்றேகாலில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு படுத்தாள்.